பென்டிரைவில் போன பாட்டன்கள்

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லாரி டிரைவர். அம்மாவுக்கு ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் வேலை. நான் கணினிப் பிரிவு, இரண்டாம் ஆண்டு. அதனால் எங்கள் தெருவில் யார் செல்போன் நின்றுபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்ட மேதாவி செய்த காரியத்தை எழுதுகிறேன் நண்பர்களே, சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

குலதெய்வம் கோயில் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி வசூலித்தபோது, யார் பங்காளி, யார் இல்லை என்று தகராறு. தீர்த்து வைத்தது எங்கள் அப்பாயி. பள்ளிக்கூடமே போகாதவள், கடலைக்காய் உரித்துக்கொண்டே ஐந்து தலைமுறையை மளமளவென்று சொன்னாள்.

பொங்கல் லீவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். 47 பேர். பேதியில் செத்தவர்கள், பெண் கொடுத்த ஊர்கள், நாமக்கல் தனி மாவட்டமான 1997-க்கு முந்தி 'சேலம் ஜில்லா' என்று எழுதின பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர்கள். கண்டிச்சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போய், ஒரு கடுதாசிகூடப் போடாத அப்பாருவின் சித்தப்பன் ஒருத்தர். அத்தனையையும் கல்லூரி லேப்பில் டைப் அடித்து ஒரு பென்டிரைவில் போட்டேன். நோட்டைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். கம்ப்யூட்டர்காரனுக்கு நோட்டு எதற்கு?

"மெசினுக்குள்ள போட்டுட்டியா கண்ணு? அது மறந்துட்டுதுன்னா?" என்று அப்பாயி கேட்டாள். விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஐப்பசியில் அப்பாயிக்கு வாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. மூன்றாவது வாரம், ஹால்டிக்கெட் பிரிண்ட் எடுக்க ஒரு கடையில் பென்டிரைவைச் செருகினேன். 'பார்மேட் செய்யவா?' என்று திரையில் வந்தது. பின்னால் பத்துப் பேர் வரிசை. அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்தியவன் நானேதான்.

அதன் பிறகுதான் நூலகத்தில் போய்ப் படித்தேன். ஓலைச்சுவடியைக் கரையான் அரிக்கும் முன்பே இன்னொரு ஓலையில் படி எடுத்து வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். எடுக்காதது போயிற்று. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், அதே நூலுக்குப் பல ஊர்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். ஒரு சுவடியில் ஒடிந்துபோன வரி இன்னொன்றில் இருக்கும். கண்டிச்சீமைத் தாத்தாவை நினைத்து இலங்கை பற்றியும் தேடினேன். 1981-ல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் இருந்தவை சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும். அச்சாகி வேறு ஊர்களிலும் இருந்த புத்தகங்களைத் திரும்ப வாங்கிவிடலாம். ஒரே ஒரு பிரதியாக இருந்த ஏடுகளை எங்கே போய் வாங்குவது? அந்தப் பெரிய நெருப்பையும் என் பென்டிரைவையும் ஒன்றாகச் சொல்வது தப்புதான். ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிழைத்தது எங்கள் பாப்பாவால். எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் நோட்டில், விளையாட்டாக ஒரு மரம் வரைந்து 19 பேரை எழுதி வைத்திருந்தாள். "இது போதுமாண்ணா?" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இப்போது சனிக்கிழமை தோறும் அப்பாயி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பார்க்கிறோம். சரியென்றால் கண்ணை மூடித் திறப்பாள். தப்பென்றால் இடது கையால் கட்டிலைத் தட்டுவாள். 38 பேர் வரை மீட்டாகிவிட்டது. அன்றன்றைக்கு எழுதினதை அன்றைக்கே போட்டோ எடுத்து இணையத்தில் ஏற்றுகிறேன். ஜெராக்ஸ் ஒன்று திருப்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போகிறது. மூன்று பிரதி, இரண்டு விதம், ஒன்று வெளியூரில் என்பது கணினிக்காரர்கள் சொல்லும் கணக்கு. மாதம் ஒருமுறை எல்லாம் திறக்கிறதா என்றும் பார்க்கிறேன். திறக்காத பிரதி இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

கண்டிச்சீமைக்குப் போனவர் பேர் மட்டும் இன்னும் வரவில்லை. பாப்பா பேர்களை அகர வரிசையில் எழுதி வைத்திருக்கிறாள். 'க' வரிசை முழுக்கச் சொல்லியாயிற்று. அப்பாயி கை தட்டிக்கொண்டேதான் இருந்தது. வருகிற சனிக்கிழமை 'ச'.