பழைய கணினிக்குப் புதிய டிரைவர்

செவ்வாய், 14 அக்டோபர் 2025

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் இன்றோடு நிறுத்துகிறது. 2015இல் வந்த அந்த இயங்குதளம் நாளையும் ஓடும். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வராது. 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்களைப் பெறத் தனிப்பயனர்களுக்கு ஒரு நீட்டிப்புத் திட்டம் உண்டு. அதன் பிறகு விண்டோஸ் 11தான். அதற்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும்; இன்டெல் கணினி என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். 2017க்கு முன் வாங்கிய லேப்டாப்புகள் பெரும்பாலும் இந்த வரையறைக்குள் வருவதில்லை. வரும் திங்கட்கிழமை தீபாவளி வேறு. பழையதைக் கொடுத்துவிட்டுத் தவணையில் புதியதை எடுங்கள் என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. அலுவலக வேலைக்கும் வங்கிக் கணக்குக்கும் கணினி வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது வேறு கேள்வி. ஓய்வு நேரத்தில், ஆசைக்கு, சின்னதாக ஒரு கேம் செய்து பார்க்க நினைப்பவரைப் பற்றித்தான் இங்கே யோசிக்கிறேன். அவர் கணினியை மாற்ற வேண்டாம், இயங்குதளத்தை மாற்றினால் போதும் என்பது என் கட்சி.

லினக்ஸ் லேசானது, அதில் பழைய கணினியும் பறக்கும் என்பதைத்தான் இந்தக் கட்சிக்கு வழக்கமாக ஆதாரம் காட்டுவார்கள். அதை நான் பாதிதான் ஏற்கிறேன். செயலி அதே செயலி. எந்த இயங்குதளமும் அதன் வேகத்தைக் கூட்டாது. நான்கு ஜி.பி. ரேம் உள்ள கணினியில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைப் போட்டால் கொஞ்சம் ரேம் மிச்சமாகும். பிரவுசரில் பத்து டேப் திறந்தால் அதுவும் போய்விடும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினால் கிடைக்கும் வேகம் இதைவிடப் பெரிது, அதை விண்டோஸிலேயே செய்துகொள்ளலாம். வேகத்தை வைத்து லினக்ஸுக்காக வாதாடினால் சீக்கிரமே தோற்றுப்போவோம். வலுவான ஆதாரம் கிராபிக்ஸ் டிரைவரில் இருக்கிறது.

வியாழன், 16 அக்டோபர்

ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தை எடுத்துக்கொண்டால் பேச்சு தெளிவாகும். 2011இல் வெளிவந்த இன்டெல் இரண்டாம் தலைமுறைச் செயலிகளுக்கு சேண்டி பிரிட்ஜ் என்று பெயர். அவற்றில் பலவற்றுக்குள் எச்.டி. 3000 என்ற கிராபிக்ஸ் பகுதி சேர்ந்தே இருக்கும். தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியதும் அதே 2011இல்தான். அவற்றில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. அந்த லினக்ஸ் பக்கத்தை ஒருமுறையாவது திறந்து பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள் என்பது என் ஊகம். போகட்டும்.

கேம் எஞ்சின் திரையில் எதையாவது வரைய வேண்டுமென்றால் கிராபிக்ஸ் சில்லிடம் அதைக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கான பொது முறைகளில் ஒன்று ஓப்பன்ஜிஎல். அதன் எந்தப் பதிப்பு கிடைக்கும் என்பதைச் சில்லு மட்டும் தீர்மானிப்பதில்லை, டிரைவரும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. எச்.டி. 3000க்கு விண்டோஸில் இன்டெல் கொடுத்த டிரைவர் ஓப்பன்ஜிஎல் 3.1இல் நின்றுவிட்டது. விண்டோஸ் 10க்கென்று அந்தச் சில்லுக்கு இன்டெல் தனி டிரைவர் வெளியிடவும் இல்லை; முந்தைய விண்டோஸ் காலத்து டிரைவரை வைத்தே இத்தனை ஆண்டும் வண்டி ஓடியது. லினக்ஸில் மெசா என்ற திறந்த மூல கிராபிக்ஸ் தொகுப்பு இருக்கிறது. அதன் வழியே அதே சில்லு 3.3 தருகிறது. அடுத்த தலைமுறையான எச்.டி. 4000 விண்டோஸில் 4.0, மெசாவில் 4.2. சில்லு மாறவில்லை, அதற்காக எழுதப்பட்ட மென்பொருள்தான் மாறியிருக்கிறது.

இதற்கு இன்டெல்லைக் குறை சொல்ல வேண்டியதில்லை. விற்று முடிந்த சில்லுக்கு மேலும் உழைப்பதால் எந்த நிறுவனத்துக்கும் வருமானம் கிடையாது. மெசாவின் இன்டெல் பகுதியில் பெரும்பங்கை எழுதியவர்களே இன்டெல் ஊழியர்கள்தாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வேறுபாடு ஒன்றுதான்: மூல நிரல் திறந்திருப்பதால் நிறுவனம் விட்ட இடத்திலிருந்து வேறொருவர் தொடர முடிகிறது. 2021இல் அப்போது ரெட் ஹாட்டில் இருந்த டேவ் ஏர்லி முன்னின்று எழுதிய குரோகஸ் என்ற டிரைவர் மெசாவில் சேர்ந்தது. 2006 காலத்து இன்டெல் சில்லுகளிலிருந்து 2013இன் ஹாஸ்வெல் வரை உள்ளவற்றுக்கானது அது. சந்தையை விட்டுப் போய்ப் பல ஆண்டுகளான சில்லுகளுக்குப் புத்தம்புதிதாக ஒரு டிரைவர்! லினக்ஸுக்கு மாறச் சொல்ல இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

சனி, 18 அக்டோபர்

3.1க்கும் 3.3க்கும் நடுவே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தமிழில் கேம் செய்பவருக்கு அங்கேதான் எல்லாம் இருக்கிறது. பொழுதுபோக்காகக் கேம் செய்பவர்கள் இன்று பரவலாக எடுத்துக்கொள்ளும் எஞ்சின் கோடோ. அர்ஜென்டினாவில் ஹுவான் லினியெட்ஸ்கியும் ஆரியெல் மன்சூரும் உருவாக்கியது, 2014இல் எம்.ஐ.டி. உரிமத்தில் திறந்த மூலமானது. ஒரே கோப்பு, இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். அதன் மூன்றாம் பதிப்பு ஓப்பன்ஜிஎல் 2.1 உள்ள கணினியிலும் ஓடும். பழைய லேப்டாப்புக்கு அதுவே பொருத்தம் என்று பலரும் ஆலோசனை சொல்வார்கள். ஆங்கிலத்தில் கேம் செய்பவருக்கு அது சரியான ஆலோசனை. தமிழுக்கு உதவாது. எழுத்துகளைச் சேர்த்து உருவமைக்கும் வேலையை அந்தப் பதிப்பு செய்வதில்லை. 'கெ' என்று எழுதினால் கொம்பு முன்னால் நிற்காமல் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கு', 'மூ' போன்றவை உருமாறாமல் எழுத்தும் குறியும் தனித்தனியே கிடக்கும். வசனத்தையெல்லாம் படமாக மாற்றி ஒட்டிச் சமாளிக்கலாம். நூறு வரி உரையாடல் உள்ள கேமில் ஒரு பிழை திருத்தம் வந்தால் அப்போது தெரியும் அந்தச் சமாளிப்பின் விலை.

2023 மார்ச்சில் வந்த கோடோ 4 இந்தக் குறையைத் தீர்த்தது. ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து உருவமைப்பு நூலகத்தைச் சேர்த்துக்கொண்டதால் தமிழ் அதில் ஒழுங்காக வருகிறது. ஆனால் கோடோ 4க்குக் குறைந்தது ஓப்பன்ஜிஎல் 3.3 வேண்டும். அதில் படம் வரையும் வரைமுறைகள் மூன்று; அவற்றில் இரண்டும் லினக்ஸில் வல்கன் என்ற வேறொரு பொது முறையைக் கேட்பவை. சேண்டி பிரிட்ஜுக்கு வல்கன் கிடையாது. கம்பாட்டிபிலிட்டி என்ற மூன்றாவது வரைமுறைதான் 3.3இல் ஓடும். ஆக, பதினான்கு வயது லேப்டாப்பில் தமிழ் எழுத்து சிதறாமல் ஒரு கேம் வர வேண்டும் என்றால் மெசா தரும் அந்த 3.3தான் நேர்வழி. விண்டோஸில் மைக்ரோசாப்டின் டைரக்ட்3டி வழியாகச் சுற்றிப்போக கோடோ 4.2 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கைவிடப்பட்ட டிரைவரை நம்பி அந்தச் சுற்றுவழியில் போக நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கூடவே ஓர் இலவச யோசனை: விண்டோஸோடு வரும் லதா, நிர்மலா எழுத்துருக்களை உங்கள் கேமுக்குள் வைத்து விநியோகிக்க உரிமை கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழைத் தாராளமாக வைக்கலாம்.

புதன், 22 அக்டோபர்

ஆட்சேபங்களில் முதலாவது, ஆடுபவர்கள் எல்லாரும் விண்டோஸில் இருக்கும்போது லினக்ஸில் கேம் செய்து யாருக்குக் காட்டுவது என்பது. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தின் மாதக் கணக்கெடுப்புகளில் லினக்ஸின் பங்கு சில சதவீதம்தான், உண்மை. ஆனால் கேம் எங்கே உருவாகிறது என்பதும் எங்கே ஓடுகிறது என்பதும் ஒன்றல்ல. கோடோவில் லினக்ஸிலிருந்தே விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் எக்ஸ்போர்ட் செய்யலாம். பிரவுசரில் ஆடும்படி இட்ச்.ஐஓ தளத்தில் போடுவதென்றால் இன்னும் நல்லது. கோடோ 4இன் வெப் எக்ஸ்போர்ட் கம்பாட்டிபிலிட்டி வரைமுறையில் மட்டுமே வேலை செய்கிறது. பழைய கணினி உங்களை எதற்குள் அடைக்கிறதோ, பிரவுசரும் எல்லாரையும் அதற்குள்ளேயே அடைக்கிறது. பழைய கணினியில் தடங்கலின்றி ஓடும் கேம், விலை மலிவான போனிலும் ஓட வாய்ப்பு அதிகம். ஐபோனுக்குத்தான் மேக் இல்லாமல் முடியாது. அதற்கு லினக்ஸும் உதவாது, விண்டோஸும் உதவாது.

அடுத்தது யூனிட்டி என்ற கேம் எஞ்சின். அதற்கு லினக்ஸ் பதிப்பு உண்டு, ஆனால் நான்கு ஜி.பி. ரேமில் அதைத் திறந்து வைத்து வேலை பார்ப்பது எந்த இயங்குதளத்திலும் பெரும்பாடு. யூனிட்டி தெரிந்தால்தான் ஸ்டுடியோவில் வேலை கிடைக்கும் என்பவரோடு நான் வாதாட மாட்டேன். அவர் தேடுவது பிழைப்பு; புதுக் கணினிக்குச் செலவழிப்பதில் அவருக்கு நியாயம் இருக்கிறது. பொழுதுபோக்குக்காரருக்கு வேறொன்றை நினைவூட்டலாம். 2023 செப்டம்பரில், கேம் இன்ஸ்டால் ஆகும் எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டணம் வாங்கப்போவதாக யூனிட்டி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி, ஓராண்டு கழித்து, 2024 செப்டம்பரில் அதைக் கைவிட்டது. கைவிட்டது நல்லதே. ஆனால் விதியை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை அந்த ஓராண்டு காட்டிவிட்டது. இயங்குதளத்துக்கு 'இன்றோடு சரி' என்று ஒரு நிறுவனம் நாள் குறிப்பதும் அதே வகையைச் சேர்ந்ததுதான்.

இவ்வளவு சின்ன இயந்திரத்தில் உருப்படியாக எதுவும் வராது என்ற ஏளனத்துக்குப் பதில் பலாட்ரோ. 2024இல் வந்து உலகமெங்கும் விற்ற அந்தச் சீட்டாட்டத்தை உருவாக்கியவர் ஒரே ஒருவர்; பயன்படுத்திய கருவி லவ் என்ற திறந்த மூலச் சட்டகம், லுவா மொழியில் எழுதுவது. அந்தச் சட்டகத்தின் 11ஆம் பதிப்புக்கு ஓப்பன்ஜிஎல் 2.1 போதும். தமிழ் எழுத்துச் சிக்கல் அதிலும் இருக்கிறது என்பது ஒருபுறம். பலாட்ரோ விதிவிலக்கு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், அதுபோல் விற்கும் என்று யாருக்கும் ஆசை காட்டவில்லை. கருவி எளியது என்பதால் கேம் எளியதாகிவிடாது, அவ்வளவே.

சனி, 25 அக்டோபர்

என் கட்சி நிற்காத இடங்களும் உண்டு. முப்பரிமாணம் முதலாவது. அதற்கான கருவியான பிளெண்டர் 4.0 முதல் ஓப்பன்ஜிஎல் 4.3 கேட்கிறது; எச்.டி. 3000 மட்டுமல்ல, எச்.டி. 4000கூட அங்கே எட்டாது. பழைய பிளெண்டரை வைத்து ஒப்பேற்றலாம், ஆனால் புதிய பாடங்களோடு அது ஒத்துப்போகாது. ஆகவே இந்தக் குறிப்புகள் இருபரிமாண கேமுக்கு மட்டுமே பொருந்தும். படத்துக்கு கிரிட்டா, கிம்ப், வரைபட அமைப்புக்கு டைல்டு, ஒலிக்கு ஆடாசிட்டி எல்லாம் லினக்ஸில் தாராளமாகக் கிடைக்கின்றன. இரண்டாவது, பழைய என்விடியா அட்டை உள்ள லேப்டாப். இன்டெல்லைப் பற்றி நான் சொன்ன கதை அங்கே தலைகீழ். அந்த அட்டைகளுக்கான டிரைவரை நிறுவனமே மூடி வைத்திருந்ததால், அது ஆதரவை நிறுத்தியதும் மிஞ்சுவது நூவோ என்ற திறந்த டிரைவர்தான். பல அட்டைகளில் அதன் வேகம் போதாது. சில பிராட்காம் வைஃபை சில்லுகளும் படுத்தும். 32 பிட் செயலியென்றால் ஆசையை விட்டுவிடலாம். லினக்ஸ் டிஸ்ட்ரோவான டெபியனே 13ஆம் பதிப்பில் அதற்கான இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது.

கடைசி ஆட்சேபம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. லினக்ஸுக்கு வந்தவர் கேம் செய்ய மாட்டார், லினக்ஸையே நோண்டிக்கொண்டிருப்பார் என்கிறார்கள். இது அவதூறு அல்ல. வாரத்துக்கு ஒரு டிஸ்ட்ரோ மாற்றுவதும், ஐகானுக்கு நிறம் பார்ப்பதும், டெர்மினலை அலங்கரிப்பதும் கேம் செய்வதைவிட எளிது, வேலை செய்த திருப்தியும் தருகிறது. விண்டோஸில் இந்தச் சபலம் குறைவு, ஏனென்றால் நோண்ட அங்கே இடம் குறைவு. இதற்குத் தொழில்நுட்பப் பதில் எதுவும் இல்லை. நீண்ட கால ஆதரவுள்ள ஒரு பதிப்பைப் போட்டுவிட்டு அதன்பின் அதைத் தொடாமல் இருப்பது ஒன்றே வழி. புதிய டெஸ்க்டாப்பு, புதிய கெர்னல் எதுவும் இரண்டு பொத்தானில் ஓடும் கேமுக்குத் தேவைப்படாது.

எதையும் அழிப்பதற்கு முன் பென் டிரைவிலிருந்து மின்ட்டை அப்படியே பூட் செய்து பாருங்கள். இன்ஸ்டால் செய்யாமலே அது ஓடும். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா என்று கவனியுங்கள். கோடோ 4ஐ இறக்கித் திறந்து, கம்பாட்டிபிலிட்டியில் ஒரு புராஜெக்ட் தொடங்கி, ஒரு லேபிளில் தமிழில் நான்கு வார்த்தை அடியுங்கள். எழுத்து ஒழுங்காக வந்தால் உங்கள் கணினி தேறிவிட்டது. வராவிட்டால் பென் டிரைவைக் கழற்றிவிடலாம், நட்டம் ஒன்றுமில்லை. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும்; சின்னதாக ஒரு கேமைத் தொடங்கி முடிக்க அந்தக் காலம் போதும்.