ஆறா, எட்டா: பேடக் குறிப்புகள்

140 மில்லிமீட்டர் உயரம். 80 அகலம். கோட்டின் தடிமன் 25. சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்.ஐ.எம்.-இன் ரோடு ரேஸிங் விதிகளில் முன்பக்க எண்ணுக்குச் சொல்லியிருக்கும் குறைந்தபட்சம். கிளப் ரேஸ் நடத்துகிறவர்களும் இதை ஒட்டித்தான் ஏதாவது எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் அகலம் 18. மிஞ்சினால் 19.

அவசரத்துக்கு டேப்பில் எண் போடுகிற பையன்கள் மாட்டுவது அந்த ஆறேழு மில்லிமீட்டரில்தான். இரண்டு வரிசை ஒட்ட வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறியபடி. முதல் தடவையே அப்படி ஒட்டியவனைப் பார்த்ததில்லை.

‘1’ எப்படி 80 அகலம் வரும்? அந்த எண் கிடைத்தவனுக்கு அது ஒரு கவலையாக இருக்காது.

ரோட்டில் ஓடும் பைக்குக்குப் பின்பக்க எண் 40 மி.மீ. உயரம், 7 தடிமன். மத்திய மோட்டார் வாகன விதி 51. எஞ்சின் 70 சிசிக்குக் குறைவு என்றால் முன்பக்கம் 15 மி.மீ. போதும்.

டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் 69.9 சிசி.

ரோட்டு எண்ணைப் படிக்க வண்டியை ஓரங்கட்டச் சொல்லலாம். டிராக்கில் யார் ஓரங்கட்டுவது? மணிக்கு 150 கி.மீ. வேகம் என்றால் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 42 மீட்டர். வளைவில் பைக் படுத்திருக்கும். ரைடரின் முழங்கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டு எண்ணை மறைப்பது பெரும்பாலும் அந்தக் கால்தான்.

எண் ரைடருக்காக இல்லை. வளைவில் வெயிலில் கொடியோடு நிற்கிற மார்ஷலுக்காக.

பைக்குகளை நிறுத்தித் தயார்செய்கிற பேடக்கில் காதில் விழுந்தது:

“தம்பி, இது ஆறா, எட்டா?”

“ஆறு சார்.”

“நீ சொல்ற ஆறுன்னு. கொடி புடிக்கிறவன்ல சொல்லணும்?”

அந்த ஆறின் வயிற்றுக்குள் ஸ்பான்சர் ஸ்டிக்கர். மாமா கடை ஸ்டிக்கர் என்றான்.

கறுப்புக் கொடி, நடுவே ஆரஞ்சு வட்டம். ‘உன் பைக்கில் கோளாறு, உடனே வெளியே போ’ என்று அர்த்தம். எண்ணெய் சொட்டுகிறது, புகை வருகிறது, அந்த மாதிரி. கொடியோடு ஒரு கறுப்புப் பலகையில் அந்த ரைடரின் எண்ணையும் காட்ட வேண்டும். பலகை 70-க்கு 50 சென்டிமீட்டர். எண்ணின் உயரம் 30 சென்டிமீட்டர், வெள்ளை.

36-ஐ 38 என்று படித்தால், நல்ல பைக் வெளியே வரும். ஒழுகுகிற பைக் ஓடிக்கொண்டிருக்கும்.

பைக்கில் பொருத்தும் ட்ரான்ஸ்பாண்டர் வந்த பிறகு யார் எத்தனை சுற்று என்பதை ரோட்டுக்கு அடியில் பதித்த வயரே சொல்லிவிடுகிறது. அதற்கு முன்னால் பென்சில், தாள். மனைவி, தம்பி, நண்பன், யாராவது ஒருவர் குந்தி உட்கார்ந்து எழுதுவார். எண் தெரியாமல் போன சுற்று எழுத்தில் ஏறாது. எழுத்தில் ஏறாத சுற்று ஓடாத சுற்று.

மஞ்சள் கொடியின் கீழ் ஓவர்டேக் செய்தவனை இன்றைக்கும் கண்ணால்தான் பிடிக்கிறார்கள். கேமராவெல்லாம் பெரிய ரேஸுக்கு.

கிராண்ட் பிரீயில் ஒரு காலத்தில் நிறத்திலேயே வகுப்பு தெரியும். 500 சிசி: மஞ்சளில் கறுப்பு எண். 350: நீலத்தில் வெள்ளை. 250: பச்சையில் வெள்ளை. 125: கறுப்பில் வெள்ளை. 50: வெள்ளையில் கறுப்பு.

350 வகுப்பு 1982-ஓடு முடிந்தது. நீலத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அமெரிக்காவில் சி.சி.எஸ்., வெரா மாதிரி கிளப் ரேஸ்களில் மஞ்சள் பின்னணி என்றால் புதியவன். தேறியவனுக்கு வெள்ளை. 500 சிசி ராஜாக்கள் போட்ட அதே மஞ்சள்.

மான் தீவின் மேங்க்ஸ் கிராண்ட் பிரீயில் புதியவருக்கு மேலே ஆரஞ்சு நிறப் பனியன் மாதிரி ஒன்று. பின்னால் வருகிறவர் பார்த்து விலகிப் போக.

ரேஸுக்கு முன் பைக்கைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினி வரிசை. காலை வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். சோதிப்பவர்களில் பாதிப் பேர் சம்பளம் இல்லாமல் வந்தவர்கள். டீ, ஒரு தொப்பி, மத்தியானச் சாப்பாடு.

முதல் பத்து பைக்குக்கு லிவர் நுனியில் குண்டு இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்கிறார்கள். (16 மி.மீ. விட்டமாவது இருக்க வேண்டும்.) ஹாண்டில் முனை அடைத்திருக்கிறதா, ஆக்சிலேட்டரை விட்டால் தானாக மூடிக்கொள்கிறதா, பின்சக்கரத்தை ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா. நாற்பதாவது பைக்குக்கு ‘பாஸ்’ ஸ்டிக்கர் மட்டும் வருகிறது. இது சோம்பல் இல்லை. நாற்பது தடவை குனிந்து பார்த்தால் தெரியும்.

ஒவ்வொருவரும் தான் ஒரு தரம் பட்டதைத் தேடுகிறார். எண்ணெயில் வழுக்கி விழுந்தவர் நேரே டிரெய்ன் பிளக்குக்குப் போகிறார். விரலை நசுக்கிக்கொண்டவர் செயின் கார்டுக்கு. ஹெல்மெட் பட்டையை இழுத்து இழுத்துப் பார்க்கிறவரிடம் நான் காரணம் கேட்கவில்லை.

லாக் வயர். டிரெய்ன் பிளக்கின் தலையில் ஓட்டை போட்டு, மெல்லிய ஸ்டீல் கம்பியை முறுக்கிக் கட்டுவது. கம்பி பிளக்கை இறுக்குகிற பக்கமாக இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கமாகக் கட்டியிருந்தாலும் பார்வைக்குக் கம்பி இருக்கும். முறுக்கும் அழகாக இருக்கும். பிளக் கழன்று வரும்போது அது சும்மா கூடவே வரும்.

கம்பி இருக்கிறதா என்று பார்க்கிறவர் ஒரு வகை. எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்கிறவர் இன்னொரு வகை. இருவரும் ஒட்டுவது ஒரே ஸ்டிக்கர்.

கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கூலன்ட்டில் இருக்கும் கிளைகால் ரோட்டில் சிந்தினால் டயர் நிற்காது. தண்ணீரா கூலன்ட்டா என்று மூடியைத் திறந்து பார்த்தவரை ஒரு ரவுண்டில் பார்த்தேன். அடுத்த ரவுண்டில் வேறு ஆள். திறக்கவில்லை.

எண் தப்பாக இருந்தால் மட்டும் யாரும் விடுவதில்லை. குனிய வேண்டாம். ஸ்பேனர் வேண்டாம். பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

பேடக்கில் அதிகம் கேட்கிற வாக்கியம்: “போன ரவுண்டுல விட்டாங்களே சார்.”

அதற்கு வருகிற பதில்: “போன ரவுண்டுல நான் இல்லப்பா.”

இரண்டுமே உண்மை.

தெரிந்த முகத்துக்கு 22 மி.மீ.யும் 25-தான்.

25 விதிப் புத்தகத்தில் இன்னொரு இடத்திலும் வருகிறது. எஞ்சின் வெடித்தால் எண்ணெயைத் தாங்க, பைக்கின் வெளிக்கூடான ஃபேரிங்கின் அடிப்பகுதி தொட்டி மாதிரி இருக்க வேண்டும். அதில் 25 மி.மீ. ஓட்டை. காய்ந்த ரோட்டில் மூடியிருக்க வேண்டும், மழை ரேஸ் என்றால் மட்டும் திறக்கலாம். மழை நின்றால் அந்த அடைப்பான் எங்கே வைத்தோம் என்று எல்லாரும் தேடுகிறார்கள்.

பாரி ஷீன் 1976-ல் 500 சிசி உலக சாம்பியன். அடுத்த வருடம் 1 போட்டிருக்கலாம். 7-ஐ விடவில்லை. 1977-லும் ஜெயித்தார்.

பைக் ரேஸர் ரோஸியின் 46, அவர் அப்பா கிராசியானோ 1979-ல் ஓட்டிய எண். வளைத்து, சாய்த்து, மஞ்சளில். உலகமே வாசித்தது. அதே மாதிரி வளைத்து ஒரு புதிய பையன் தன் பைக்கில் 46 போட்டு வந்தால் வரிசையிலிருந்து விலக்கி நிறுத்துவார்கள்.

எஃப்.ஐ.எம். எழுத்துருவின் பெயரையே சொல்லிவிடுகிறது. சூப்பர் பைக் விதியில் ஃப்யூச்சுரா ஹெவி, யூனிவர்ஸ் போல்ட், ஃப்ராங்க்ளின் காத்திக் என்று பட்டியல். பெரிய கிராண்ட் பிரீயின் விதியிலோ இப்படி ஒரு வரி: எண் படிக்க முடிகிறதா என்று தகராறு வந்தால் டெக்னிக்கல் டைரக்டர் சொல்வதே முடிவு. அளவெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒருவர் கண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். வேறு வழியும் இல்லைதான்.

நம்மூரில் எழுத்துருவைத் தீர்மானிப்பது ரேடியம் ஸ்டிக்கர் கடை. ‘ஷேடோ குடுக்கட்டுமாண்ணே? அவுட்லைன்?’ கம்ப்யூட்டரில் சாய்த்துக் காட்டுவான். பார்க்க நன்றாகவே இருக்கும். வேகமாக ஓடுகிற மாதிரி இருக்கும். வெட்டின பிறகு வெள்ளை மேல் வெள்ளி நிற நிழல், கறுப்பு அவுட்லைன், நடுவில் சிவப்பு 3. பத்து மீட்டரில் 8.

இருங்காட்டுக்கோட்டை டிராக் ஒரு சுற்று ஏறக்குறைய 3.7 கி.மீ. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே 2.1. சின்ன டிராக்கில் அதே எண் சீக்கிரம் திரும்ப வருகிறது. மார்ஷலுக்கு இரண்டாவது வாய்ப்பு.

பிளேட் என்று இன்னும் சொல்கிறோம். பிளேட் போய் எவ்வளவோ காலம் ஆகிறது. இப்போது ஃபேரிங் மேல் ஒட்டுகிற ஸ்டிக்கர். மோட்டோகிராஸ், டர்ட் டிராக் பைக்குகளில் மட்டும் தனியாகத் தகடு நிற்கிறது. தட்டையாக இருப்பதால் எண் வளையாது. சேறு அடித்தால் கையால் துடைக்கலாம்.

இன்றைய பைக்கின் வால் கத்தி மாதிரி. தட்டையான இடம் உள்ளங்கை அளவுகூட இல்லை. இரண்டு இலக்க எண்ணை அதில் எங்கே ஒட்டுவது என்று விதியை எழுதியவர்களுக்கே குழப்பம் வந்திருக்கும். பக்கவாட்டில் கீழே, ஃபேரிங்கில் ஒட்டச் சொல்கிறார்கள்.

ரேஸ் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஓர் அட்டையில் 140-க்கு 80 கட்டம் வெட்டி, பக்கத்தில் 25-க்கு ஒரு பிளவு வெட்டி, ஸ்க்ரூட்டினி வரிசை தொடங்குகிற இடத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். வரிசையில் நிற்கும்போதே பையன்கள் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். பழைய காலண்டர் அட்டை போதும்.