சாப்பிட்டியா, அண்ணா?

சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் எங்களுக்கு இரண்டே அறைகள். 1996இல் அண்ணனுக்கு மனச்சிதைவு என்று தெரிந்த பிறகு ஓர் அறை அவனுடையதாயிற்று. மற்றதில் அப்பா, அம்மா, அக்கா, நான். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், 'பையன் ஊரில் படிக்கிறான்' என்றார் அப்பா. சாத்திய கதவுக்குப் பின்னால் இருமல் கேட்டது. நான் எழுந்துபோய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். அப்போது எனக்கு 18 வயது.

நோயாளியை டாக்டர் விசாரிப்பார். பெற்றோருக்கு உறவினர் ஆறுதல் சொல்வார்கள். கூடப் பிறந்தவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் மூன்று பதில்கள் வரும்: வெட்கம், பயம், கோபம். பரீட்சைக்கு முந்தைய இரவுகளில் எனக்குள் ஒலிப்பது என் குரல்தானா என்று சோதித்துப் பார்த்திருக்கிறேன். இந்த நோய் உள்ளவரின் உடன்பிறந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது வருவதில்லை. இதை ஒரு டாக்டர் எனக்குச் சொல்ல எட்டு வருடம் ஆயிற்று.

கோபம்தான் மோசமானது. 2000இல் ஊரிலிருந்து வந்த சித்தப்பா, ஏர்வாடியில் கொண்டுபோய் விடலாம் என்றார். ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள அந்த தர்காவைச் சுற்றி அப்போது தனியார் காப்பகங்கள் இருந்தன. 'விட்டுடலாம்பா' என்று முதலில் சொன்னது நான்தான். அம்மா மட்டும் மறுத்தாள்.

மறு ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில், அங்கே ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். செய்தி வந்த பேப்பரை மடித்து என் மேஜைமேல் வைத்தாள் அம்மா. ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸையும் இடித்துவிட்டார்கள். பக்கத்திலேயே பிலாஞ்சியில் ஒரு வாடகை வீட்டில் அண்ணன் என்னோடு இருக்கிறான். மாத்திரை, டாக்டர், ரத்தப் பரிசோதனை எல்லாம் என் பொறுப்பு. திருச்சியிலிருக்கும் அக்கா மாதாமாதம் பணம் அனுப்புகிறாள். தினமும் இரவு ஒன்பது மணிக்கு போன் செய்து அவனோடு கிரிக்கெட் பேசுகிறாள். சுலபமான வேலையை அவள் எடுத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. தன் சார்பில் பேச வேண்டியவர் யார் என்பதை நோயாளியே வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம் என்றும் சொல்கிறது. ஒரு கட்டுரைக்காக அந்தப் பிரிவை மொழிபெயர்த்த அன்று, அண்ணனிடம் தாளும் பேனாவும் கொடுத்தேன். என் பெயரைத்தான் எழுதுவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அக்காவின் பெயரை எழுதினான்.

"ஏண்ணா?" என்றேன். அவன் யோசிக்கவே இல்லை. "நீ மாத்திரை சாப்பிட்டியான்னு கேக்கறே. அவ சாப்பிட்டியான்னு கேக்கறா."

அன்று இரவு மாத்திரையை எடுத்து வைக்கும் முன் தட்டைப் போட்டேன். அவனுக்கு எதிரே நானும் உட்கார்ந்தேன். அவன் இன்னும் அந்தத் தாளை மாற்றி எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.