ஜீப்புக்கு ஏற்றிய வலிமை

மலைநாட்டுத் தமிழரின் வாழ்வை எழுத முற்படுவோர் ஏலத்தோட்டத்தைப் பற்றி எழுதுவர். மழையையும் அட்டையையும் பற்றி எழுதுவர். இரு மாநிலங்களுக்கு நடுவே கிடக்கும் எல்லையைப் பற்றி எழுதுவர். ஜீப்பைப் பற்றி எழுதுவோரை நான் அதிகம் கண்டதில்லை. ஆயினும் வண்டன்மேட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, நினைவு தெரிந்த நாள்முதல் ஜீப்பின்றி ஒரு பொழுதும் விடிந்ததில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியே மேலேறி வரும் ஜீப்புகளின் உறுமல்தான் எங்கள் ஊரின் சேவற்கூவல். அந்த ஜீப்பொன்றுக்கு என் கையாலேயே ஒரு தவறு இழைத்தேன். அதனை மறைக்காமல் சொல்லிவிடுவது நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தால் இதனை எழுதுகிறேன்.

என் தந்தையார் ஜீப் ஓட்டுநர். அவர் முதன்முதல் ஓட்டியது வில்லிஸ் வடிவமைப்பில் வந்த பழைய பெட்ரோல் வண்டி. இரண்டாம் உலகப்போரில் புகழ்பெற்ற அந்த வகை எஞ்சினின் திறன் 60 குதிரைத்திறன். அதுவும் சமவெளிக் கணக்கு. ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்றுக் குறைந்தால் எஞ்சினின் வலிமையும் குறையும். ஆகவே எங்கள் மலையில் அந்த வண்டி முனகிக்கொண்டேதான் ஏறும். பெட்ரோல் விலை கட்டுப்படியாகாமற் போனபோது, பலரைப் போலவே தந்தையாரும் 1980களில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினைப் பூட்டினார். வண்டியைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வது மலைநாட்டில் புதிய வழக்கமன்று என்பதற்காக இதனைச் சொல்கிறேன். டீசல் பம்பின் திருகைச் சற்றே திருப்பி எண்ணெய் வரத்தைக் கூட்டுகிற மெக்கானிக்குகளும் அக்காலத்திலேயே இருந்தார்கள்.

தந்தையார் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: "எந்தக் கியர்ல ஏறுறியோ, அந்தக் கியர்லதான் எறங்கணும்." மலையில் வண்டி ஓட்டுகிற எவரும் இதனை அறிவர். இரண்டாவது கியரில் ஏறிய சரிவை இரண்டாவது கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்குக்கு வேலை குறையும். இந்த ஒரு வாக்கியத்தின் துணையால் அவர் பல்லாண்டுக் காலம் ஒருவரையும் காயப்படுத்தாமல் ஓட்டி ஓய்ந்தார்.

தந்தையாருக்குப்பின் சிறிய ஏலத்தோட்டம் ஒன்றை நான் கவனித்து வரலானேன். பறிப்புக்கும் களையெடுப்புக்கும் பெண்களை ஏற்றிவரவும், உரமூட்டைகளைக் கொண்டுவரவும், உலர்ந்த காயைப் புற்றடி ஏலக்கூடத்துக்குக் கொண்டுசெல்லவும் ஒரு ஜீப் வாங்கினேன். காமன் ரயில் டீசல் எஞ்சின்; டர்போ பொருத்தியது; 105 குதிரைத்திறன். டர்போ என்பது, வெளியேறும் புகையின் விசையாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூஹி என்னும் பொறியாளர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மலையில் இழந்த காற்றைப் பெருமளவு ஈடுசெய்வதால், தந்தையாரின் வண்டியோடு ஒப்பிட்டால் என் வண்டி யானை. இருந்தும் எனக்கு நிறைவு உண்டாகவில்லை. மழைக்காலத்தில் முழுச்சுமையோடு ஏறும்போது பின்னால் வருகிற வண்டிகள் ஒலியெழுப்பி முந்திச்செல்லும். என் மனம் சுருங்கும்.

2017ஆம் ஆண்டுப் பறிப்புக் காலத்தில் என் தமக்கை மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். வண்டிகளின் எஞ்சின் கணினிக்குப் புதிய கணக்கை ஏற்றும் தொழிலை அவன் பயின்றிருந்தான். "மாமா, இந்த எஞ்சினுக்குள்ள இன்னும் பலம் கெடக்கு. கம்பெனிக்காரங்க பூட்டி வச்சிருக்காங்க. தெறந்து விடவா?" என்று கேட்டான். எனக்கு ஆசை பிறந்தது.

அவன் செய்ததைக் கண்ணால் கண்டவாறே சொல்கிறேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஒரு துளையில் கம்பியைச் செருகி, மறுமுனையை மடிக்கணினியில் இணைத்தான். திரையில் கட்டம் கட்டமாக எண்கள் தோன்றின. எஞ்சின் இத்தனை சுற்றுச் சுழலும்போது, கால் இவ்வளவு அழுத்தும்போது, இத்தனை டீசல் பீய்ச்ச வேண்டும், இந்த நொடியில் பீய்ச்ச வேண்டும், டர்போ இவ்வளவு அழுத்தம் தரவேண்டும் என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வோர் எண். இந்த எண் அட்டவணைக்கு 'மேப்' என்று பெயர். அவன் முதலில் பழைய அட்டவணையைப் படியெடுத்துப் பத்திரப்படுத்தினான். பின்பு திருத்திய அட்டவணையை ஏற்றினான். ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. கையில் கரி படவில்லை. அரைமணிப் பொழுதில் 105 என்பது 130 அளவுக்கு உயர்ந்துவிட்டது என்றான்.

அப்படியானால் தொழிற்சாலைக்காரர் அந்த வலிமையை ஏன் பூட்டி வைத்தார் என்று நான் வினவினேன். அவன் நேர்மையாகவே விடையளித்தான். எல்லா ஊர்களிலும் ஒரே தரமான டீசல் கிடைப்பதில்லை. எல்லாரும் உரிய காலத்தில் எண்ணெய் மாற்றுவதில்லை. கோடை வெப்பம், மலை உயரம், அளவுக்கு மீறிய சுமை ஆகிய அனைத்தையும் தாங்குவதற்காக ஓர் இடைவெளி விட்டுத்தான் கணக்கிடுவார்கள். புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் உண்டு. அந்த இடைவெளியைத்தான் தான் எடுத்துக்கொண்டதாகச் சொன்னான். "ஆனா கிளட்சையும் பிரேக்கையும் நல்லாப் பாத்துக்கணும் மாமா. பலம் கூடுனா அதுக ரெண்டுக்கும் வேலை கூடும்" என்றும் எச்சரித்தான். பறிப்பு முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று செலவுக்கு அஞ்சி நான் தட்டிக்கழித்தேன். குற்றம் அவனுடையதன்று என்பதற்காகவே இதனைப் பதிவு செய்கிறேன்.

மறுநாள் மலையேறியபோது நான் அடைந்த பெருமிதத்தைச் சொல்லி முடியாது. இரண்டாவது கியரில் முனகிய ஏற்றங்களை வண்டி மூன்றாவது கியரில் தாவியேறியது. முன்னர் என்னை முந்தியவர்களை நான் முந்தினேன். ஓட்டுநருக்கும் மகிழ்ச்சி. சில நாட்களில் இன்னும் இரண்டு பேர், இன்னும் ஒரு மூட்டை என்று சுமையும் கூடிற்று. வண்டி இழுக்கிறதே, ஏற்றினால் என்ன என்ற எண்ணம் எங்களை அறியாமலே குடிபுகுந்தது.

எங்கள் தோட்டத்துக்கு நெடுநாளாக வருகிற மூத்த பெண்மணி ஒருவர் உண்டு. அக்கா என்றே அவரை அழைப்பேன். ஒருநாள் அவர், "ஏறும்போது சொகமாத்தான் இருக்கு தம்பி, எறங்கும்போதுதான் வயித்தக் கலக்குது" என்றார். கூடையோடு பின்னிருக்கையில் அமர்ந்து வருபவருக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று எண்ணிச் சிரித்துவிட்டேன்.

அவருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒரு மாலை, வேலை முடிந்து பெண்கள் கம்பத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நானும் முன்னிருக்கையில் இருந்தேன். லேசான தூறல். பாதி இறக்கம் வந்தபோது கருகிய நாற்றம் மூக்கைத் துளைத்தது. அடுத்த வளைவில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். மிதி ஆழ இறங்கியது, வண்டி நிற்கவில்லை. மீண்டும் மீண்டும் மிதித்து, பெரும்பாடுபட்டுக் கீழ்க்கியருக்கு மாற்றி, மலைப்பக்கத்து ஓடையில் சக்கரத்தை இறக்கி, மண்மேட்டில் உரசி நிறுத்தினார். பின்னால் எழுந்த கூக்குரல் இன்னும் என் செவியில் இருக்கிறது. தெய்வாதீனமாக எவருக்கும் காயமில்லை. யாருடைய தூக்குவாளியோ கழன்று உருண்டு, சாலையைக் கடந்து, மறுபக்கத்துப் பள்ளத்தில் விழுந்தது. அது விழுந்து அடங்குகிற ஓசையை நாங்கள் அனைவரும் கேட்டோம். ஒருவரும் பேசவில்லை.

அன்றிரவு உறக்கமின்றிக் கிடந்தபோதுதான் உண்மை புலப்பட்டது. ஓட்டுநர் விதியை மீறவில்லை. மூன்றாவது கியரில் ஏறினார். என் தந்தையார் சொன்னபடியே மூன்றாவது கியரில் இறங்கினார். தவறியது விதிதான்! ஏறுகிற கியரிலேயே இறங்கு என்னும் வாக்கு, வலுக்குறைந்த எஞ்சினை அளவுகோலாக வைத்துப் பிறந்தது. ஏற முடியாத இயலாமையே அந்நாளைய ஓட்டுநரைக் கீழ்க்கியரில் நிறுத்தியது. அக்கீழ்க்கியரே இறக்கத்தில் அவர்களைக் காத்தது. நான் ஏற்றிய புதுக்கணக்கு ஏறும் வலிமையை மட்டும் கூட்டியது. காலை எடுத்த பிறகு எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்கும் ஆற்றல் அதனால் அணுவளவும் கூடுவதில்லை. அந்நேரத்தில் எஞ்சினுக்குள் டீசலே செல்வதில்லை அன்றோ? பிரேக்கோ பழைய பிரேக். சுமை மட்டும் புதியது. வேகத்தின் கணக்கும் கொடியது: 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியைவிட 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை நிறுத்த, ஏறத்தாழ முக்கால் பங்கு கூடுதலான ஆற்றலைப் பிரேக் வெப்பமாக விழுங்கியாக வேண்டும்.

திருக்குறளில் 'வலியறிதல்' என்றோர் அதிகாரம் இருப்பதை நாமெல்லாம் பள்ளியிற் படித்திருக்கிறோம். மயிற்பீலியே ஆயினும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொல்வது அங்கேதான். பகைவர்மீது படையெடுக்கும் அரசனுக்குச் சொன்னது என்று ஆசிரியர் விளக்கியதைக் கேட்டு, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். வலிமையைப் பெருக்கு என்று அவ்வதிகாரத்துக்குப் பெயரில்லை. வலிமையை அறி என்றே பெயர். பெருக்கிய வலிமை எங்கே உதவும், எங்கே கைவிடும் என்று அறிவதும் அதனுள் அடங்கும் என்பதை அந்தத் தூக்குவாளி எனக்குக் கற்பித்தது.

மருமகனுக்குச் சொல்லியனுப்பினேன். அவன் உடனே வந்தான். பத்திரப்படுத்தியிருந்த பழைய அட்டவணையை மீண்டும் ஏற்றினான். பிரேக்கின் தேய்ந்த பாகங்களை எல்லாம் மாற்றினோம். கிளட்சும் தேய்ந்திருந்தது, அதனையும் மாற்றினோம். உள்ள எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றுவதில்லை என்று ஓட்டுநரும் நானும் உறுதி செய்துகொண்டோம். சட்டத்தின் நிலையையும் பின்னர்தான் கேட்டறிந்தேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மனம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. உற்பத்தியாளர் நிர்ணயித்த அம்சங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே செய்யப்பட்ட சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்திருக்கிறது. விபத்து நேர்ந்திருந்தால் அப்பெண்களின் பிள்ளைகளுக்கு நான் என்ன விடை சொல்லியிருப்பேன் என்பதற்கு எந்தச் சட்டப் பிரிவிலும் பதிலில்லை.

அக்கா நான்கு நாட்கள் வேலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வேறொருவரின் ஜீப்பில் வந்து இறங்கினார். கூடையை இடுப்பில் வைத்தபடி, "பழையபடி ஆக்கிட்டீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஆக்கிவிட்டேன் என்றேன். அன்று மாலை எங்கள் ஜீப்பின் பின்னிருக்கையில், எப்போதும் அமரும் இடத்தில் ஏறி அமர்ந்தார். அதைக் கண்டபோது எனக்கு உண்டான நிம்மதி, 130 குதிரைகள் தந்த பெருமிதத்தைவிடப் பெரிது.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். நம் பெற்றோரைவிட நமக்கு வலிமை கூடியிருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இன்னும் கூடும். அது மகிழத்தக்கதே. ஆனால் பெற்றோர் சொல்லிச் சென்ற அறிவுரைகள் அவர்களுடைய வண்டியின் வலுவை வைத்துச் சொன்னவை. அவற்றை எறிந்துவிடவும் கூடாது; அப்படியே பிடித்துக்கொண்டு கண்ணை மூடவும் கூடாது. எதற்காகச் சொன்னார்கள் என்று கேட்டுத் தெரிந்து, நம் வண்டிக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். என் ஓட்டுநருக்கு நான் இப்போது சொல்வது இது: "எந்தக் கியர்ல ஏறுனாலும் சரி, எறங்கும்போது பின்னால ஒக்காந்திருக்கவங்கள நெனச்சுக் கியரப் போடு."

வண்டி இன்று பழையபடி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறுகிறது. பின்னால் வருபவர்கள் ஒலியெழுப்பி முந்திச்செல்கிறார்கள். நான் ஓரமாக ஒதுங்கி வழிவிடச் சொல்கிறேன்.