முன் இருக்கையும் கிரிவலப் பாதையும்

ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம் செய்பவர் அவர். தொழிலுக்காக அடிக்கடி விமானம் ஏறுவார். ஒருமுறை டெல்லி கண்காட்சிக்குப் புறப்பட்டபோது, பெங்களூரில் கடை வைத்திருக்கும் பெரிய வாடிக்கையாளரும், தன் கடையில் கணக்கு எழுதும் தம்பியும் உடன் வந்தார்கள். மூவருக்கும் எகானமியில் அடுத்தடுத்த இருக்கைகள்.

சென்னையில் விமானம் ஏறும் நேரத்தில் இவர் பெயரை மட்டும் அழைத்தார்கள். எகானமியில் இடம் போதாவிட்டால், அடிக்கடி பறக்கும் பயணிகளை பிசினஸ் கிளாஸுக்கு மாற்றுவது விமான நிறுவனங்களின் வழக்கம். "டெல்லியில பார்ப்போம் சார்" என்று சொல்லிவிட்டு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். பயணம் சுகமாக முடிந்தது. எதிர்பார்த்த ஆர்டர் மட்டும் வரவில்லை.

சில மாதங்கள் கழித்து அந்த வாடிக்கையாளர் திருவண்ணாமலைக்கு வந்தார். தரிசனம் முடிந்தது, அடுத்து கிரிவலம்.

"14 கிலோமீட்டர் சார். நாம கார்ல சுத்திடலாம். தம்பிக்கு வேண்டுதல், அவன் நடந்து வரட்டும்."

"சேர்ந்து வந்தோம், சேர்ந்தே நடப்போமே!" பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

வழியில் ரமணாசிரமம். பந்தியில் தனக்கென்று தனியாக எதையும் பரிமாற விடாதவர் ரமணர். எல்லோர் இலையிலும் என்ன விழுகிறதோ அதுவே தனக்கும் என்பதில் உறுதியாக இருந்தவர். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அன்று வியாபாரிக்குச் சுருக்கென்றது.

நிருதி லிங்கம் அருகே உட்கார்ந்தபோது மெல்லச் சொன்னார்: "அன்னிக்கு ஃப்ளைட்ல உங்களை விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது சார்."

பெரியவர் சிரித்தார். "சீட்டு பெரிசில்லப்பா. டெல்லி போறதுக்குள்ள விலையைப் பேசி முடிச்சிடலாம்னு லிஸ்ட் எடுத்து வச்சிருந்தேன். பேசத்தான் ஆளில்லை."

இப்போதெல்லாம் பெயரை அழைத்தால், "இவருக்குத் தர முடியுமா?" என்று கவுன்டரில் கேட்கிறார் வியாபாரி. போர்டிங் பாஸ் பெயருக்கு உரியது; நாமாகக் கைமாற்ற முடியாது. நிறுவனம் ஒப்புக்கொண்டால் விருந்தினர் முன்னால் போகிறார். இல்லையென்றால், "வேண்டாம், நன்றி" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்திலேயே உட்கார்கிறார். விருந்தினரே வற்புறுத்தி அனுப்பினால் மட்டும் போகிறார்.

அன்று கிரிவலப் பாதையில் அவர் கேட்ட கடைசிக் கேள்வி: "அந்த லிஸ்ட் இன்னும் இருக்கா சார்?"

"மனசுல இருக்கு. இன்னும் பாதி வழி இருக்கே, பேசிக்கிட்டே நடப்போம். தம்பி, நீயும் பக்கத்துல வா. கணக்கு உனக்குத்தானே தெரியும்!"