கடைசி கோலும் அடுத்த ரயிலும்

ஷ்ரூஸ்பரி இங்கிலாந்தில் இருக்கிறது. ஆனால் அந்த ஊர் அணி வெல்ஷ் கோப்பையை ஆறு முறை வென்றிருக்கிறது, கடைசியாக 1985-இல். எல்லையோர ஆங்கிலக் கழகங்களையும் வேல்ஸ் தன் பந்தியில் உட்கார வைத்த காலம் அது. இதற்கு மறுபக்கமும் உண்டு. வேல்ஸின் சாம்பியன் பட்டத்தை வாடிக்கையாகத் தட்டிச் செல்லும் ‘தி நியூ செயின்ட்ஸ்’ அணியின் சொந்த மைதானம் இங்கிலாந்து மண்ணில், ஆஸ்வெஸ்ட்ரியில் இருக்கிறது. 2024-இல் ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீகுக்குத் தகுதி பெற்றபோது அந்த மைதானம் ஐரோப்பிய விதிகளுக்குப் போதவில்லை. ஷ்ரூஸ்பரி மைதானத்தை இரவல் வாங்கி ஆடினார்கள். கால்பந்து விஷயத்தில் இந்த எல்லை ஒரு நாளும் ஒழுங்காக நின்றதில்லை.

கேம்பிரியன் ரயில்பாதை ஷ்ரூஸ்பரியிலிருந்துதான் கிளம்புகிறது. ஏறத்தாழ 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், மறுமுனையில் அபெரிஸ்டுவித் கடற்கரை. வழிநெடுக ஆட்டுமந்தை மேயும் பச்சை மேடுகள். ஊருக்கு ஒரு கால்பந்துக் கழகம். வேல்ஸின் கீழ்நிலை லீகுகளைத் தேடிப் போகிறவனுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. ஒரே ஒரு சங்கடம். பாதையின் பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம். ரயில் சுமாராக இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. சனிக்கிழமை ஆட்டம் வழக்கமாக இரண்டரை மணிக்குத் தொடங்கும். நடுவர் காயத்துக்கு எத்தனை நிமிடம் கூட்டுகிறார் என்பதைப் பொறுத்து, கடைசி கோலைப் பார்ப்பதா ரயிலைப் பிடிப்பதா என்ற கேள்வி வந்துவிடும்.

வெல்ஷ்பூலைச் சீக்கிரம் கடந்துவிடலாம். ஊர் அணி 2002 முதல் 2010 வரை வேல்ஸின் மேல் லீகில் இருந்தது, பிறகு இறங்கியது. அதற்கடுத்து ஏபர்மியூல். 1921 ஜனவரி 26 அன்று இங்கே, ஒற்றைப் பாதைக்கு அனுமதியாக ஓட்டுநரிடம் தரும் வில்லையை நிலைய ஊழியர்கள் மாற்றிக் கொடுக்க, இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. 17 பேர் இறந்தார்கள். ரயில் நிறுவனத்தின் இயக்குநர் ஒருவரும் அதில் அடக்கம். இன்று வில்லை கிடையாது, பாதையோரக் கைகாட்டியும் கிடையாது. ஓட்டுநரின் முன்னால் உள்ள திரையிலேயே அனுமதி வருகிறது.

நியூடவுனில் இறங்கியே ஆக வேண்டும். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே சிவப்புச் செங்கல்லில் ஒரு பிரம்மாண்டக் கட்டடம். பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ் என்ற துணி வியாபாரி 1879-இல் கட்டியது. உள்ளூரில் நெய்த ஃபிளானல் துணியை அஞ்சலில் ஆர்டர் வாங்கி, ரயிலேற்றி, விக்டோரியா மகாராணி வரைக்கும் விற்ற மனிதர். உலகின் அஞ்சல்வழி வியாபாரத்துக்கு முன்னோடிகளில் ஒருவர். அதே 1879-இல்தான் ஊர் அணியான நியூடவுன் ஒயிட் ஸ்டார்ஸ் ரெக்சமை வீழ்த்தி வெல்ஷ் கோப்பையை எடுத்தது. வியாபாரியின் மகன்கள் இருவர் பின்னாளில் வேல்ஸ் நாட்டு அணிக்கே ஆடினார்கள். துணியைக் கொண்டுபோன ரயில் எதிரணிகளைக் கொண்டுவந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

மைதானத்தின் பெயர் லேத்தம் பார்க். ஜார்ஜ் லேத்தம் இந்த ஊர்க்காரர். வேல்ஸுக்கு ஆடியவர், முதல் உலகப் போரில் வீரப் பதக்கம் பெற்றவர். பின்னர் கார்டிஃப் சிட்டியின் பயிற்சியாளர். 1922-இல் இரண்டு ஆட்டக்காரர்கள் உடம்பு முடியாமல் படுத்துவிட, 41 வயதில் அவரே காலணி மாட்டிக்கொண்டு இறங்கினார். 1927-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை கார்டிஃப் வென்றபோதும் பயிற்சியாளர் அவர்தான்.

1992-இல் வேல்ஸ் தனக்கென ஒரு தேசிய லீகைத் தொடங்கியது. தனி லீக் இல்லாத நாட்டுக்குத் தனி அணி எதற்கு என்ற முணுமுணுப்பு உலக அரங்கில் இருந்தது. அதற்கான பதில் இது. இங்கிலாந்து லீகுகளில் ஆடிக்கொண்டிருந்த சில கழகங்கள் வர மறுத்தன. நியூடவுனும் முதலில் முரண்டு பிடித்து, பிறகு வந்து சேர்ந்தது. வந்தது வீண் போகவில்லை. 2015-இல் யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் மால்டாவின் வலெட்டாவைத் தோற்கடித்து, அடுத்த சுற்றில் கோபன்ஹேகன் வரை போய்த் தோற்றது. இங்கிலாந்தின் கீழ் லீகில் உட்கார்ந்திருந்தால் கோபன்ஹேகனைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்பார்கள்.

அடுத்த நிறுத்தம் கயர்சூஸ். இந்தப் பாதையில் எனக்கு மிகப் பிடித்த இடம். கிராமம்தான், ஆனாலும் 1992-இன் அந்த முதல் லீகில் இதுவும் இடம்பிடித்தது. 2010-இல் மேல் லீகிலிருந்து இறங்கியது. கெய்ரியோக் என்ற வெல்ஷ் கவிஞர் தன் கடைசிக் காலத்தில் இங்கே ஒரு சின்னச் சுரங்க ரயில்பாதைக்கு மேலாளராக இருந்தார். கவிஞரை ரயில்வே மேலாளராக வைத்திருந்த ஊர் என்பதே இதற்குப் போதுமான சிபாரிசு.

இப்படிப்பட்ட கிராமத்து மைதானத்தில் ஆட்டம் பார்ப்பது வேறு அனுபவம். வாசலில் காசு வாங்குகிறவரே ‘கோல்டன் கோல்’ சீட்டும் விற்பார். சீட்டில் ஒரு நிமிட எண் இருக்கும்; முதல் கோல் அந்த நிமிடத்தில் விழுந்தால் பரிசு. கம்பியில் கை ஊன்றி நின்றால் லைன்ஸ்மேன் நம் மூச்சுக்காற்று படும் தூரத்தில் ஓடுகிறார். ஆஃப்சைடு கொடியைத் தூக்கினால் பக்கத்தில் நிற்கும் பெரியவர் அவருடைய கண் பார்வையைப் பற்றி விசாரிக்கிறார். அவரும் திரும்பாமலே பதில் சொல்லிக்கொண்டு ஓடுகிறார். பந்து வேலிக்கு அப்பால் போனால் மாற்று ஆட்டக்காரர் ஒருவர்தான் தாண்டிக் குதித்து எடுத்துவர வேண்டும். கோல் கீப்பர் தன் தடுப்பாட்டக்காரர்களைத் திட்டும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்கும். பெரிய ஸ்டேடியத்தில் ஆட்டத்தைப் பார்க்கிறோம்; இங்கே காதாலும் கேட்கிறோம். இரண்டாவதில்தான் கால்பந்து புரிகிறது என்பது என் கட்சி.

கார்னோவில் ரயில் நிற்காது. நிலையத்தை 1960-களில் மூடிவிட்டார்கள். பிறகு டலெர்திக் ஏற்றம். இங்கே பாதைக்காகப் பாறையைக் குடைந்த வெட்டு, பாதை திறந்தபோது உலகிலேயே ஆழமானது. 2024 அக்டோபரில் இதன் அருகேதான் இரண்டு ரயில்கள் மோதி ஒரு பயணி இறந்தார். இந்த இடத்தில் வண்டி மெதுவாகப் போனால் இப்போது யாரும் அலுத்துக்கொள்வதில்லை.

மஹன்லெத்தில் வண்டி இரண்டாகப் பிரியும். ஒரு பாதி வடக்கே திரும்பி கடலோரமாக பூல்ஹெலி வரை போகும். டவின், பார்மத், போர்த்மடாக் என்று அந்த வழியிலும் வரிசையாகக் கழகங்கள். அதை எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று கேட்டு உட்காருங்கள். இல்லையென்றால் அபெரிஸ்டுவித் ஆட்டத்துக்குக் கிளம்பியவர் பார்மத் மணலில் நிற்பார். மஹன்லெத்திலிருந்து மேற்கே பெட்டிக்குள் வெல்ஷ் மொழிப் பேச்சு கூடுவதைக் கேட்கலாம். 2021-இல் மறுபடி திறந்த போ ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கினால், கிராம அணியின் மைதானத்தில் பெரும்பாலான வசவே வெல்ஷில்தான்.

கடைசியாக அபெரிஸ்டுவித். நிலையத்திலிருந்து பார்க் அவென்யூ மைதானம் நடக்கும் தூரம். 1900-இல் இந்த அணி ஒரே ஒரு முறை வெல்ஷ் கோப்பையை வென்றது. அன்று கோலில் நின்றவர் லீ ரிச்மண்ட் ரூஸ், இங்கே கல்லூரியில் படித்தவர். அந்தக் காலத்தில் கோல் கீப்பர் தன் பாதி மைதானம் முழுக்கப் பந்தைக் கையால் தொடலாம். ரூஸ் பந்தைத் தட்டிக்கொண்டே நடுக்கோடு வரை வந்துவிடுவார். 1912-இல் அந்த உரிமையைப் பெனால்டி ஏரியாவுக்குள் சுருக்கியதற்கு அவர்தான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். எவர்டன், சண்டர்லேண்ட் என்று ஆடி, வேல்ஸுக்காக 24 முறை நின்று, 1916-இல் சோம் போர்க்களத்தில் மாண்டார். உடல் கிடைக்கவில்லை. ராணுவப் பதிவில் அவர் பெயரே தப்பாக ஏறியிருந்தது.

நியூடவுனும் அபெரிஸ்டுவித்தும் 1992 முதல் ஒரு பருவம்கூட விடாமல் மேல் லீகில் ஆடியவை. 2025-இல் இரண்டும் ஒன்றாகக் கீழே இறங்கின. கார்டிஃபுக்கு வேல்ஸ் மண்ணை விடாமல் ரயிலில் போக இங்கிருந்து வழியில்லை. கார்மார்தனுக்குப் போன பாதை 1965-இல் மூடப்பட்டது. நடு வேல்ஸ் அணிக்கு வெளியூர் ஆட்டம் என்றால் மலைச்சாலையில் பேருந்துதான், அந்தச் செலவும் அலுப்பும் கழகத்தின் தலையில்தான். 2026-27 முதல் மேல் லீகை 12 அணியிலிருந்து 16 ஆக்குகிறார்கள். திரும்பி ஏற வழி கொஞ்சம் அகலமாகும். ஏறட்டும், நல்லதுதான். என் சுயநலம் மட்டும் வேறு: மேல் லீகில் ஆட்டத்தை வெள்ளிக்கிழமை இரவுக்கு மாற்றிவிடுவார்கள், அது முடிந்த பிறகு ஷ்ரூஸ்பரிக்கு ரயில் தேடுவது வீண் வேலை.