இரண்டாவது சுற்று

சாலிகிராமத்தில் ஓர் ஒத்திகை அறைக்கு நான் போனது பேட் கலைஞரைப் பார்க்கத்தான். மெல்லிசை மேடையில் பாடகருக்குக் கைத்தட்டல் கிடைக்கும். ஓரமாக ஸ்டாண்டில் ரோலண்ட் எஸ்பிடி-எஸ்எக்ஸை வைத்து நிற்பவரை, 'மெஷினைத் தட்டிவிடுகிறார்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது அநியாயமான பேச்சு.

2011-இல் வந்த அந்தக் கருவியில் 9 பேட்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஒலித்துண்டை ஏற்றலாம். மறுநாள் கல்யாண வரவேற்புக்கு டோலக் கலைஞர் வர இயலாது. ஆகவே தன் பகுதியைத் துண்டாகப் பதிந்துகொள்ள வாசித்துக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தார். காதில் ஹெட்போன், அதில் கிளிக் மட்டும். டெம்போ 96.

அந்த வேகத்தில் ஒரு தட்டுக்கு 0.625 விநாடி, 4 பார், அதாவது 16 தட்டுக்குச் சரியாக 10 விநாடி. துண்டு 20 மில்லி விநாடி நீண்டுவிட்டால் ஒரு சுற்றில் யார் காதுக்கும் எட்டாது. ஐந்து நிமிடப் பாட்டில் 30 சுற்று திரும்புவதற்குள் 0.6 விநாடி சேர்ந்து, ஏறக்குறைய ஒரு தட்டே பின்தங்கிவிடும்.

"அண்ணே, நிறுத்தாம ரெண்டு சுத்து வாசிங்க" என்றார் பேட் கலைஞர். முதல் சுற்றை ஒதுக்கிவிட்டு இரண்டாவதை மட்டும் வெட்டி எடுத்தார். ஏன் என்று கேட்டேன். "முதல் சுத்து மொட்டையா ஆரம்பிக்கும் சார். அதோட கடைசி அடியோட கார்வை ரெண்டாவது சுத்து முதல் அடி மேல விழும்ல? அது இருந்தாத்தான் திரும்புறப்ப ஒட்டு தெரியாது." இரண்டையும் ஓட்டிக் காட்டினார். முதலாவது ஒவ்வொரு திருப்பத்திலும் விக்கியது. இரண்டாவதில் திருப்பம் எங்கே என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

துண்டின் சொந்த வேகத்தையும் தட்டு எண்ணிக்கையையும் பதிந்து டெம்போ சிங்க்கைப் போட்டால், பாட்டின் வேகத்துக்கேற்ப, சுருதி மாறாமல், துண்டு நீளும், சுருங்கும். ஒத்திகைக்கு வந்திருந்த பாடகி 100 கேட்டார், தாங்கியது. 112-க்கு ஏற்றியபோது டோலக்கின் அடி மழுங்கியது. டோலக் கலைஞர் முகம் சுளித்தார். மறுபேச்சில்லாமல் அந்த வேகத்திலேயே புதிதாக வாசித்துக் கொடுத்தார். 6/8 பாட்டில் இன்னும் கவனம் வேண்டும். கருவிகளை ஒரே வேகத்தில் இணைக்கும் மிடி கிளாக் ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும். 6/8 பாருக்கு 72. அங்கே எண்ணிக்கை பிசகினால், திரும்பத் திரும்ப ஓடும் இந்த லூப் பாதி வேகத்தில் இழுபடும்.

இவ்வளவு கணக்குக்கும் பிறகு பாடகி சரண முடிவில் ஒரு மூச்சு அதிகம் எடுக்கிறார். கருவி காத்திருக்காது. பேட் கலைஞர் காத்திருக்கிறார்: லூப்பை நிறுத்தி, பல்லவி எடுப்பில் முதல் தட்டிலிருந்து மறுபடி கையால் தொடங்குகிறார். கண் முழுக்கப் பாடகியின் உதட்டில். இதை வாசிப்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

மணமகள் மேடையேறும் பாட்டுக்குச் சிங்க்கையே அணைத்துவிட்டார்கள். முன்னால் வரும் வயலின் ஆலாபனை எவ்வளவு நீளும் என்பது வயலின்காரர் விருப்பம். பல்லவியில் பேட் எடுக்கும். கீபோர்டு அதைப் பின்தொடரும். "எனக்குத் தனி மானிட்டர் வேணும், அதுல பாட்டு மட்டும் கேட்டாப் போதும்" என்றார் பேட் கலைஞர். ஒலியமைப்பாளருக்கு அப்போதே போன் போட்டார்கள்.